மாப்பிள்ளைக்குச் சாவி கிடையாது

பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் நிற்கும் நேரத்துக்குள் ஒரு மனிதன் இறங்கலாம், அல்லது அவனுடைய பை இறங்கலாம். இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நான் இறங்கினேன். ரயில் நகர்ந்த பிறகு, கதவோரம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு புண்ணியவான் என் பையைக் காலால் தள்ளிவிட்டார். பிளாட்பாரத்தில் அது உருண்டு வந்து நின்ற அழகைப் பார்த்தபோது, அதற்கு என்னைவிட நன்றாகப் பயணம் செய்யத் தெரிகிறது என்று தோன்றியது.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. சேர்வராயன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, தண்டவாளத்தின் மறுபக்கத்தை அழித்து வைத்திருந்தது. டீ பதினைந்து ரூபாய். சூடாக இருந்தது, அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்களைப் பற்றிய ஒரு மாதப் பத்திரிகையில் பதினைந்து வருஷமாக எழுதுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று தடவை லைசென்ஸுக்குப் போனேன். மூன்றாவது தடவை, நட்டு வைத்த கம்பங்களில் பாதியைச் சாய்த்துவிட்டு நான் இறங்கியபோது, இன்ஸ்பெக்டர் மிகவும் மரியாதையாக, “சார், நீங்க எழுதிட்டே இருங்க” என்றார். அன்றிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். எல்லாக் கார்களையும் பின் சீட்டிலிருந்து விமர்சிக்கிற ஒரே ஆள் நான்தான். அதனால்தானோ என்னவோ, காலை நீட்ட இடமிருக்கிறதா என்ற விஷயத்தில் என் தீர்ப்பை வாசகர்கள் நம்புகிறார்கள்.

போன வாரம் ஆசிரியர் கூப்பிட்டார். “நல்லம்பள்ளி பக்கத்துல ஒரு அர்ஜென்டினா ரேஸ் டிரைவர் மாமனார் வீட்டுல தங்கியிருக்காராம். போய் அவரோட கதையை முழுசா வாங்கிட்டு வாங்க.” அர்ஜென்டினா, நல்லம்பள்ளி, மாமனார் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்ததால் மறுபேச்சில்லாமல் டிக்கெட் எடுத்தேன்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய வெள்ளை டீசல் ஜீப். ஸ்டியரிங்கில் மாமனார் மாதையன். அறுபத்தைந்து வயது இருக்கும். காதை மறைத்து மஃப்ளர் கட்டியிருந்தார். ஐந்து ஏக்கர் மாந்தோப்பு, கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் ராகி. பக்கத்து சீட்டில் மருமகன் ரமீரோ. நாற்பத்தொரு வயது, ஆள் குள்ளம், கழுத்து மட்டும் தேக்குமரம் மாதிரி. பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது தலை கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கழுத்துதானாம். இந்த நேரத்தில் அவர் எதற்கு வந்தார் என்று கேட்டேன்.

“தூக்கம் வல்லீங்களாம். நாலு மணிக்கே தோப்புக்குள்ள நடந்துட்டிருந்தாரு. வூட்டு நாய்கூட இப்பல்லாம் அவரு பின்னாடி போறதில்ல. அதுக்குக் கால் வலிக்குது” என்றார் மாதையன்.

ஜீப் கிளம்பியது. பொம்மிடியிலிருந்து தர்மபுரிக்கு முக்கால் மணி நேரத்தில் போகலாம் என்று டீக்கடைக்காரர் சொன்னார். மாதையன் ஓட்டினால் ஒன்றேகால் மணி. நாற்பதைத் தாண்ட மாட்டார். ஆடு தெரிந்தால் நிற்பார். ஆடு வரக்கூடிய இடம் தெரிந்தாலும் நிற்பார். ஒவ்வொரு தடவையும் ரமீரோவின் வலது கால் தரையில் எதையோ தேடி மிதித்தது. அங்கே ரப்பர் மேட் மட்டும்தான் இருந்தது. பதினைந்து நாளில் அந்த மேட்டில் கால் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

அவர் பொங்கலுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வெளிநாட்டுக்காரர் இங்கே ஓட்டுவதற்கான பர்மிட் சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்துக்கூடக் காட்டினார். ஆனால் மாதையன் சாவியைக் கொடுப்பதில்லை.

“வூட்டு மாப்பிள்ளைய வண்டி ஓட்டச் சொல்லிட்டு நான் பக்கத்துல உக்காந்துட்டு வந்தா ஊருல என்ன பேசுவாங்க சார்? சம்பளம் எவ்ளோ குடுக்கறீங்கன்னு கேப்பாங்க.”

இது ரமீரோவுக்குப் புரிந்ததோ இல்லையோ, வழக்கமாக வரும் பேச்சு என்று தெரிந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை விரித்தார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இரண்டு பேருக்கும் சுமாராகத்தான் வரும் என்பதால் ஒருவரை ஒருவர் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

அவர் கதையை அந்த ஒன்றேகால் மணியில் கேட்டேன். அப்பா டயர் வியாபாரி. பத்து வயதில் சின்னப் பந்தய வண்டி, இருபத்திரண்டில் டூரிங் கார். அதாவது நம் தெருவில் போகிற மாதிரியே கதவும் கூரையும் டிக்கியும் உள்ள கார்களின் பந்தயம். இருபது, இருபத்தைந்து கார்கள் ஒன்றையொன்று உரசி, இடித்து, கண்ணாடியைப் பேர்த்துக்கொண்டு போகும். தீபாவளிக்கு முதல் நாள் சேலம் பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் வெளியே வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவர் இரண்டு வருஷம் சாம்பியன் பட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றார். மழையில் ஜெயித்த பந்தயங்கள்தான் அதிகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மழையில் ஒரு மோதல், இடுப்பெலும்பு உடைந்தது. எழுந்து நடந்த பிறகு முழு சீசனுக்கு யாரும் கூப்பிடவில்லை. இங்கொன்று அங்கொன்றாக, வேறு யாருக்காவது பதிலாக ஓட்டிய பந்தயங்கள் மட்டும்தான்.

இப்போது ஒரு சின்ன அணி கூப்பிட்டிருக்கிறது. முழு சீசன். பதில் சொல்ல வேண்டிய நாள் இன்று. நேரம், நம் கணக்கில் மாலை ஆறு மணி.

“என்ன சொல்லப் போறீங்க?” என்றேன்.

“யெஸ்” என்றார். சொல்லிவிட்டு உடனே ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

தர்மபுரியைத் தாண்டி அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் ஒரு கடையில் ஜீப் நின்றது. மாமியார் சொல்லியனுப்பிய எலுமிச்சம்பழம் வாங்க வேண்டுமாம். கடையில் நின்ற ஒருவர் மாதையனுக்குத் தெரிந்தவர். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“மாமா, இதுதான் நம்ம நித்யா வூட்டுக்காரரா? பொங்கலுக்கு வந்திருக்காருன்னு சொன்னாங்க. என்ன பண்றாருங்க?”

“கார் கம்பெனியில இன்ஜினீரு” என்றார் மாதையன், எலுமிச்சையை அழுத்திப் பார்த்தபடி.

ஜீப் கிளம்பிய பிறகு, ஏன் இந்தப் பொய் என்று கேட்டேன்.

“பொய் என்னங்க சார், காருல தான இருக்காரு. டிரைவர்னு சொன்னா எந்த லாரிம்பான். இந்த மாவட்டத்துல வூட்டுக்கு ஒரு டிரைவர் இருக்கான். அவ்ளோ படிக்க வெச்சு டிரைவருக்கா குடுத்தேன்னு கேப்பான்.”

“ரேஸ் டிரைவர்னு சொல்லலாமே?”

“அது இன்னும் மோசம். ரேசுக்குப் போற மாப்பிள்ளைன்னா குதிரை ரேசுன்னு நெனப்பான். தோட்டத்துப் பத்திரத்த பத்திரமா பூட்டி வையுன்னு எனக்கே புத்தி சொல்லுவான்.”

நான் சிரித்தேன். ரமீரோ என்னவென்று கேட்டார். மாமனார் எலுமிச்சை விலையைப் பற்றிப் பேசுகிறார் என்று சொன்னேன்.

வீடு நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே, மாந்தோப்பை ஒட்டி. மரமெல்லாம் பூ. அந்த வாசனையில் எனக்கு நாலு தும்மல், அதற்குள் நித்யா வெளியே வந்தார். முப்பத்தாறு வயது. சேலத்தில் மெக்கானிக்கல் படித்து, வெளிநாட்டில் மேலே படித்து, ஒரு பந்தய அணியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே இவரைச் சந்தித்தவர். அவர் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். பின்னால் யார் நெருங்குகிறார்கள், அடுத்த வளைவில் யார் சுழன்று கிடக்கிறார்கள், டயர் எவ்வளவு சூடு என்பதை ரேடியோவில் காதுக்குள் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ரமீரோவின் காதில் பத்து வருஷம் பேசியது நித்யா. அதில் முதல் நாலு வருஷம் கல்யாணமாகாமலே பேசியிருக்கிறார்.

“அப்ப என் பேச்சக் கேட்டாரு” என்றார்.

மத்தியானம் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. மாமியார் பச்சியம்மாள் பரிமாறினார். ரமீரோவுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரியும்: போதும். அதைத் தெளிவாக, நல்ல உச்சரிப்பில் சொன்னார். உடனே இலையில் இன்னொரு கரண்டிக் குழம்பு விழுந்தது. மறுபடியும் சொன்னார். ஒரு கால் துண்டு விழுந்தது.

“போதும்னு சொல்றாரும்மா” என்றார் நித்யா.

“சொல்லத்தான் சொல்லுவாரு. மரியாத தெரிஞ்ச புள்ள.”

எனக்கும் அதே மரியாதை நடந்தது. நான் ‘போதும்’ சொல்லாமலே நடந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

சாப்பிட்டதும் ரமீரோ தோப்புக்குள் நடக்கப் போய்விட்டார். மரங்களுக்கு நடுவே வரிசையாகப் போய், கடைசி மரத்தில் திரும்பி, அடுத்த வரிசையில் வந்தார். திருப்பத்தில் உள்பக்கமாக ஒட்டித் திரும்பினார். வலது காலை லேசாக இழுத்துத்தான் நடந்தார். ஆனாலும் ஒரு மரத்தைக்கூட அநாவசியமாகச் சுற்றவில்லை. நித்யா கிணற்று மேட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அரைத் தூக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இந்த சீசன் நீங்கதான் ரேடியோவா?” என்று கேட்டேன். கட்டுரைக்கு ஒரு வரி கிடைக்கும் என்று நினைத்துக் கேட்டது.

“இல்லைங்க சார். நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“பந்தயம் வேண்டாம்னு சொல்றீங்களா?”

“அதச் சொல்லவே இல்ல. அது அவரு இஷ்டம். நான் காதுல பேச மாட்டேன்னு மட்டும் சொன்னேன்.” கொஞ்ச நேரம் மாம்பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

ரேடியோவில் ஒன்று சொன்னால், கேட்டுவிட்டேன் என்பதற்கு ஓட்டுபவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள் மொழியில் ‘கொப்பியாதோ.’ அந்த மழைப் பந்தயத்தில், கிளம்பும் இடத்திலேயே ஒரு கார் அணைந்து நின்றுவிட்டது. முன்னால் போன கார்கள் வாரியடித்த தண்ணீரில் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நித்யாவின் திரையிலும் தெரியவில்லை. ரமீரோ அதில் போய் மோதிய சத்தம்தான் கேட்டது. நித்யா கேட்டார், கொப்பியாதோ? பதில் இல்லை. மறுபடி கேட்டார். மறுபடி கேட்டார்.

“முன்னாடி ஒரு டேபிள், ஹெட்போன், நாலு ஸ்கிரீன். அவ்ளோதான் சார். பிரேக் இல்ல, ஸ்டியரிங் இல்ல, எதையும் புடிக்க முடியாது. அவரு பதில் சொல்றதுக்குள்ள நான் ஒருதரம் விதவையாகித் திரும்பி வந்துட்டேன். இன்னொருதரம் போய் அந்த சேர்ல உக்கார மாட்டேன்.”

“அவருக்கு இது தெரியுமா?”

“சொன்னேன். ‘புரியுது, வேற ஆள் பாத்துக்கறேன்’ங்கறாரு.” சிரித்தார். “புரியலைன்னு அர்த்தம்.”

தோப்பில் ரமீரோ இன்னொரு வரிசையை முடித்துத் திரும்பினார். நித்யாவின் கண் அவருக்கு முன்னால் கிடந்த ஒரு குழிக்குப் போனது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் குழியைத் தாண்டிப் போய்விட்டார்.

மாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். எனக்குச் சேலத்தில் ராத்திரி ரயில். வழியனுப்ப நாலு பேரும் வருவதாக ஏற்பாடு. கடைசி நிமிஷத்தில் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்று நின்றுவிட்டார். நின்றவர் சும்மா இருக்காமல் நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை வைத்தார். ஐந்தாவதை மருமகன் கையில் கொடுத்தார். அதைப் பார்த்ததும் ரமீரோவுக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. கல்யாணமான வருஷம் மாமியார் பார்சலில் அனுப்பிய எலுமிச்சையைப் பந்தயக் காருக்குள் டேப் போட்டு ஒட்டியிருந்தாராம். பரிசோதனைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து, இது என்ன கருவி, விதிமுறையில் இல்லையே என்று மூன்று பேர் கூடிப் பேசியிருக்கிறார்கள். கடைசியில் பிய்த்து எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவருக்கு ஏழாவது இடம். இதை நான் தமிழில் சொன்னதும் பச்சியம்மாள், “எடுத்தா அப்புடித்தான் ஆவும்” என்றார்.

ஸ்டியரிங்கில் மாதையன். பக்கத்தில் ரமீரோ, மடியில் போன், கையில் எலுமிச்சை. பின் சீட்டில் நித்யாவும் நானும். பாளையம் டோல்கேட் தாண்டியதும் ரோடு சரியத் தொடங்குகிறது. தொப்பூர் கணவாய். இந்தப் பக்கத்தில் லாரி ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இங்கே ஒரு கதை இருக்கும். சரிவு நீளம். டீசல் மிச்சம் பிடிக்க, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வண்டியைத் தானாக உருளவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அப்புறம் பிரேக்கையே அமுக்கிக்கொண்டு வந்து, பாதி மலையில் பிரேக் சூடேறி, அமுக்கினாலும் பிடிக்காமல் போய்விடும். நியூட்ரலில் இறங்காதே என்று வழியெல்லாம் போர்டு. அந்த போர்டுகளைத் தாண்டியும் நியூட்ரலில்தான் போகிறார்கள்.

மாதையன் மூன்றாவது கியரில், இடது லேனில், முப்பதில் இறக்கினார். ரமீரோ மணி பார்த்தார். போனைப் பார்த்தார். எலுமிச்சையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

முதலில் வந்தது வாசனை. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்துவிட்டால் வருமே, அது. பிறகு ஹாரன், விடாமல். நான் திரும்பிப் பார்த்தேன். மேல் வளைவில் ஒரு லாரி. முகப்பு முழுக்கப் பூமாலை. சக்கரத்திலிருந்து புகை.

“ஐயோ” என்றேன். அன்றைய சம்பவத்தில் என் பங்களிப்பு முழுவதும் அதுதான்.

மாதையனின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. ஜீப் இடதும் வலதுமாக ஒரு தடவை ஆடியது. அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. உயரவில்லை, வேகமாகவும் இல்லை. மத்தியானம் கிணற்று மேட்டில் கேட்ட குரலே இல்லை அது.

“அப்பா. பின்னாடி லாரி, பிரேக் இல்ல. ரைட்டுல வர்றான். பிரேக் அடிக்காதீங்க. இதே ஸ்பீடு.”

“பாப்பா—”

“இதே ஸ்பீடுப்பா. முன்னாடி ஓரத்துல மொபெட் இருக்கு, இப்ப லெஃப்டுல ஒதுங்காதீங்க. மொபெட்டத் தாண்டிக்கலாம்… தாண்டறோம்… தாண்டிட்டோம். இப்ப லெஃப்ட். மெதுவா. இன்னும் கொஞ்சம். பாறை ஓரம் இடம் இருக்கு. அப்படியே. அப்படியே இருங்க.”

நித்யா பின் கண்ணாடி வழியே ஒரு கண்ணும் முன்னால் ஒரு கண்ணுமாக, ஏதோ பேப்பரைப் பார்த்துப் படிக்கிறவர் மாதிரி பேசிக்கொண்டே போனார். நான் ரமீரோவைப் பார்த்தேன். அவர் லாரியைப் பார்க்கவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் ஒரு எழுத்து புரியாது. இரண்டு காலும் தரையை ஓங்கி மிதித்திருந்தன. கையிலிருந்த எலுமிச்சை நசுங்கி, சாறு முழங்கை வழியே ஓடியது.

லாரி எங்களை உரசாமல் தாண்டியது. அந்தக் காற்றில் ஜீப் ஒரு தடவை குலுங்கியது. கீழே போய் அது நடுத் தடுப்புச் சுவரில் சாய்ந்து, கொஞ்ச தூரம் தேய்த்துக்கொண்டே போய், நின்றது. பின்னால் கட்டியிருந்த தேங்காய் நார் மூட்டைகளில் ஒன்று மட்டும் இறங்கி, வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

“ஓக்கே. வண்டிய நிறுத்துங்கப்பா” என்றார் நித்யா.

லாரி டிரைவருக்கு அடி இல்லை. முப்பது வயதுப் பையன். கீழே இறங்க வந்தவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். ரமீரோ போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து புகையைப் பார்த்தார். கல் எடுத்து முட்டுக் கொடுத்தார். பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“யாருங்க இவரு?”

மாதையன் மஃப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எம் மருமவன்” என்றார். “டிரைவரு.”

“எந்த லைனுங்க?”

“அர்ஜென்டினா.”

பையன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். “லோடு என்னங்க ஏத்தறாரு?”

“லோடெல்லாம் கெடையாது. காலி வண்டிதான். இருநூத்தி நாப்பதுல போவாரு.” மாதையன் என் பக்கம் திரும்பினார். “அவ்ளோதானுங்க சார்?” நான் தலையாட்டினேன். “போலீஸ் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாத. அடுத்த தடவ நியூட்ரல்ல வந்தீன்னா, இவர உட்டுத்தான் உன்ன வெரட்டச் சொல்லுவேன்.”

பையன் சிரித்தான், அழுகிற மாதிரி.

கணவாய் முடிந்து தொப்பூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மணி ஐந்தரை. யாராலும் உட்கார முடியவில்லை. பெஞ்சு காலியாகக் கிடக்க, நாலு பேரும் நின்றுகொண்டு டீ குடித்தோம். ரமீரோ என் அருகில் வந்தார்.

“பத்து வருஷம் அந்தக் குரலைக் கேட்டு ஓட்டியிருக்கிறேன்” என்றார். “ஓட்டாமல் கேட்டது இன்றைக்குத்தான்.”

கடைக்குப் பின்னால் புளியமரத்தடிக்குப் போய் போன் செய்தார். எங்களுக்குக் காதில் விழுகிற தூரம்தான். ஆனால் ஸ்பானிஷ். பேசியது ரொம்பக் கொஞ்சம். நித்யா டீ டம்ளரை வாயருகே வைத்தபடி நின்றார். குடிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. ரமீரோ போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன பாப்பா சொன்னாரு?” என்றார் மாதையன்.

நித்யா பதில் சொல்வதற்குள் ரமீரோவே மாமனாரைப் பார்த்து, அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்.

“போதும்.”

மாதையனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரை நங்கென்று வைத்தார். “என்னது? வேண்டாம்னுட்டாரா? இப்பத்தான பாப்பா, வாயத் தொறந்து டிரைவர்னு சொன்னேன்! அரை மணிகூட ஆவலியே!”

நித்யா அவரைக் கவனிக்கவில்லை. ரமீரோவிடம் வேகமாக ஸ்பானிஷில் சண்டை போட்டார். சண்டை எந்த மொழியில் நடந்தாலும் புரியும். நான் நிறுத்தச் சொன்னேனா, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா, நாளைக்கே ஊர் முழுக்க என்னைத்தான் சொல்லும். அவர் எலுமிச்சை நாறும் வலது கையை நீட்டினார். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. நித்யா தன் கையையும் நீட்டிப் பார்த்தார். அதுவும்தான். சண்டை அங்கே நின்றது. முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. கணவன் மனைவிக்குள் அதைத் தெரிந்துகொள்ள டீக்கடையில் பத்து நிமிஷம் போதாது.

மாதையன் ஜீப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். டயரை உதைத்தார். பிறகு மருமகன் முன்னால் வந்து நின்று சாவியை நீட்டினார்.

“இந்தாங்க மாப்பிள்ள.”

“அப்பா?” என்றார் நித்யா.

“டிரைவரா இருந்தவரைக்கும் வண்டியக் குடுத்தா வேல வாங்கற மாதிரி இருந்துச்சு. இப்பதான் வேல இல்லியே. சொந்த வூட்டு வண்டி, ஆசைக்கு ஓட்டறாரு. எவன் என்ன கேப்பான்?”

இதிலுள்ள தர்க்கத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

ரமீரோ சாவியை வாங்கிச் சட்டையில் துடைத்தார். சீட்டை முன்னே நகர்த்தினார், கண்ணாடியைத் திருத்தினார், கிளட்சை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். மாதையன் இடது பக்க சீட்டில் ஏறி, மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு நாள் இருநூற்று நாற்பதில் போய்ப் பார்த்துவிடுவது என்று கண்ணை மூடியிருந்தார்.

ஜீப் நாற்பதில் போனது. நாற்பதிலேயே போனது. ஒரு டவுன் பஸ் தாண்டியது. ஒரு டிராக்டர் தாண்டப் பார்த்தது.

மாதையன் ஒரு கண்ணைத் திறந்தார். “என்ன பாப்பா, இவரு நம்மள விட மோசமா ஓட்டறாரு?”

வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. பின் சீட்டில் நித்யா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். ரமீரோ கண்ணாடியில் அவரைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் என் ரயில் போய்விடும் என்று சொல்லலாமா என நினைத்து, சொல்லாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

முன்னால் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று விளக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நித்யா திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, அதே தாழ்ந்த குரலில், ஸ்பானிஷில் நாலைந்து வார்த்தை சொன்னார்.

“கொப்பியாதோ” என்றார் ரமீரோ. வலது பக்கம் எடுத்து வண்டியைத் தாண்டினார்.

சேலம் வரைக்கும் அப்படியேதான். நித்யா சொல்வார், அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வார். மாதையன் தூங்கிவிட்டார். ரயிலைப் பிடித்தேன், ஓடித்தான் பிடித்தேன். இந்தத் தடவை பையும் கூடவே ஏறியது.

சென்னையில் காலையில் ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமையின் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு உடம்பு பழகிவிட்டிருந்தது. எங்கள் ஊரில் யாரும் யார் காதிலும் எதுவும் சொல்வதில்லை, எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கத்துகிறார்கள், ஒருவரும் கேட்டதாகத் திருப்பிச் சொல்வதில்லை. ஆட்டோ வளைந்து புகுந்தபோதெல்லாம் என் கால் தரையை மிதித்தது. ஆசிரியர் போன் செய்து, எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறார், தலைப்புக்கு வேண்டும் என்றார். எண்ண மறந்துவிட்டேன் என்றேன்.

சிக்னலில், என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. “அண்ணே, பின்னாடி பஸ் வருது. லெஃப்ட்ல காலி.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை முறைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். லெஃப்டில் ஒதுங்கினார். பஸ் உறுமிக்கொண்டு தாண்டியது.

“சரி சார்” என்றார்.